பழைய பாக்கெட் கால்குலேட்டர் சேர்ப்பவர் எந்த ஆதாரத்தை நம்புவது? ஓர் ஒப்பீடு

பழைய பாக்கெட் கால்குலேட்டர்களைச் சேர்க்கத் தொடங்கியவர்கள் எழுதிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கருவி கைக்கு வந்துவிட்டது. அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அந்த மாடலில் முந்தியதா பிந்தியதா, உள்ளே இருக்கும் பாட்டரியை மாற்றலாமா, கேட்கிற விலை தகுமா என்பதையெல்லாம் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது என்பதில்தான் தடுமாற்றம். வெளிநாட்டு நூலை வரவழைப்பதா, இணைய அருங்காட்சியகங்களே போதுமா, பழைய கையேடுகளுக்குப் பணம் கொடுப்பது தகுமா, திருநெல்வேலி டவுனில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களிடம் விசாரித்தாலே விடை கிடைத்துவிடுமா என்று கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் பகுதியில் இருந்துகொண்டு சேர்ப்பவருக்குக் கருவியின் உட்புறமே முதல் ஆதாரம், இணைய அருங்காட்சியகம் இரண்டாவது, அச்சு நூல் கடைசி. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்து சேர்ப்பவருக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. இங்கே கிடைக்கும் கருவிகள் எந்த வழியாக வந்தவை என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

## நம் பக்கம் என்ன கிடைக்கிறது

1970களில் இந்தியாவில் கால்குலேட்டர் நினைத்தவுடன் வாங்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பாலிடெக்னிக் மாணவர் கையில் கிளார்க்ஸ் டேபிள்ஸ் என்ற மடக்கை அட்டவணைப் புத்தகம்தான் இருந்தது. ஆகவே இன்று பழைய சாமான் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் அகப்படுபவை பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்தவை. காயல்பட்டினம், மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தவர்களின் பெட்டியில் வந்த காசியோ, ஷார்ப், சிட்டிசன் கருவிகள் ஒரு வகை. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, மகேந்திரகிரி இஸ்ரோ மையம் போன்ற இடங்களில் பணிசெய்து ஓய்வுபெற்ற பொறியாளர்களின் மேசை இழுப்பறைகளில் இருந்து எப்போதாவது வெளிவரும் எச்பியும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் இரண்டாவது வகை. அயல்நாட்டுச் சில்லுகளை (ஐ.சி.) வைத்து உள்நாட்டிலேயே பூட்டி, அதாவது உறுப்புகளைப் பொருத்தி, உள்நாட்டுப் பெயரில் விற்கப்பட்டவை மூன்றாவது வகை.

மூன்றாவது வகையைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார், தில்லியில் வேலையை விட்டு நண்பர்களுடன் தொடங்கிய மைக்ரோகாம்ப் நிறுவனம் முதலில் விற்றது கால்குலேட்டரைத்தான், 1976இல் எச்.சி.எல். உருவானது அதற்குப் பிறகு. இப்படி நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு கதையாக இருந்தும், இந்திய மாடல்களுக்கு ஒழுங்கான பட்டியல் எந்த மேல்நாட்டுக் கையேட்டிலும் இல்லை. கீழே ஒவ்வோர் ஆதாரத்தையும் எடைபோடும்போது இந்தக் குறையைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டியிருக்கும்.

## எதை வைத்து அளப்பது

ஓர் ஆதாரம் நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நமக்கு ஐந்து கேள்விகள் உண்டு. ஆண்டையும் வகையையும் அது எவ்வளவு நெருக்கமாகச் சொல்கிறது? சொல்வதை நாமே சரிபார்க்க வழி இருக்கிறதா? நம் கையில் உண்மையில் வந்து சேரும் மாடல்கள் அதில் இருக்கின்றனவா? பழுது நீக்கவும் பத்திரமாக மின்சாரம் கொடுக்கவும் உதவுமா? இவற்றுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? கடைசிக் கேள்வியில் ரூபாயை மட்டும் கணக்கிடுவது போதாது. தபால் செலவு, காத்திருக்கும் காலம், மொழி, திறக்கும்போது கருவிக்கு நேரும் சேதம், நாளைக்கு அந்த ஆதாரமே காணாமற்போகும் வாய்ப்பு ஆகிய எல்லாம் விலையில் சேர்த்தி.

## கருவியின் உட்புறம்

நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது எல்லா மாடலுக்கும் உண்டு என்பதுதான். மேல்நாட்டு நூலில் பெயரே இல்லாத ஓர் உள்நாட்டுக் கருவிக்கும் உள்ளே ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லின் முதுகில் எழுத்து இருக்கிறது.

திருகாணிகள் பல மாடல்களில் கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் காலுக்கு அடியிலோ, பாட்டரி அறைக்குள்ளோ, பின்புறம் ஒட்டிய லேபிளின் கீழோ ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றிப் போர்டைத் தூக்கியதும், பெரிய ஐ.சி.யின் மேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் மங்கிய எழுத்து தெரியாது. தயாரிப்பாளரின் குறி, மாடல் எண், அதன் அருகே பெரும்பாலும் நான்கு இலக்கம். 7734 என்று இருந்தால் 1977ஆம் ஆண்டின் 34ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. போர்டில் உள்ள பிற ஐ.சி.களிலும் இப்படிப் பார்த்து, எல்லாவற்றிலும் பிந்திய தேதி எதுவோ அதற்கு முன்னால் அந்தக் கருவி பூட்டப்பட்டிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு பின்னால் பூட்டப்பட்டது என்பதை இது சொல்லாது. சில்லுகள் மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்திருக்கலாம். உள்நாட்டில் பூட்டியவற்றில் இந்த இடைவெளி கூடுதலாக இருக்கவும் இடமுண்டு. ஒரு தேதி மட்டும் மற்றவற்றைவிட ஆண்டுக்கணக்கில் பிந்தியிருந்து, அதன் கால்களில் ஈயப்பற்று முரடாகத் தெரிந்தால், அது பழுது பார்த்தபோது மாற்றிய உறுப்பு என்று கொள்ள வேண்டும்.

எச்பி கருவிகளில் திறக்கவே தேவையில்லாத அளவுக்கு வெளியிலேயே விவரம் இருக்கிறது. 1970களின் எச்பி கருவிகளின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கத்துடன் 60ஐக் கூட்டினால் ஆண்டு வரும். அடுத்த இரண்டு இலக்கம் வாரம். அதையடுத்த எழுத்து தயாரான நாடு. 1706 என்று தொடங்கி ஏ என்ற எழுத்து வந்தால் 1977ஆம் ஆண்டு ஆறாவது வாரம், அமெரிக்கத் தயாரிப்பு. எஸ் என்று வந்தால் சிங்கப்பூர்.

காட்சித்திரையும் ஓரளவு காலம் சொல்லும். சிறு லென்ஸ் குமிழ்களுக்குள் சிவப்பு எழுத்து ஒளிர்ந்தால் 1970களின் எல்.இ.டி. வகை. நீலப்பச்சையாக ஒளிர்ந்தால் வெற்றிடக் குழாய்த் திரை. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து வந்தால் 1970களின் பிற்பகுதி எல்.சி.டி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். புற ஊதாக் கதிரிலிருந்து திரவப் படிகத்தைக் காக்க வைத்த வடிகட்டியின் நிறம் அது.

சில கருவிகளின் வகையை விசைகளே காட்டிக்கொடுக்கும். 1972இல் 395 டாலருக்கு வெளிவந்த எச்பி-35இன் தொடக்க வகைகளில் ஒரு கணக்குப் பிழை இருந்தது. 2.02 என்று அழுத்தி, இயல் மடக்கை (ln) விசையையும் அதையடுத்து அதன் எதிர்ச்சார்பு (eˣ) விசையையும் அழுத்தினால் மீண்டும் 2.02 வர வேண்டும். பிழையுள்ள கருவியில் 2 என்று நிற்கும். எந்த நூலையும் புரட்டாமல் விற்பவரின் முன்னாலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பிழையைத் திருத்திய உறுப்பைப் பின்னாளில் பழைய உடலில் மாற்றியிருக்கலாம் என்பதால், சரியான விடை வந்தாலே பிந்திய கருவி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுவிட்சின் அருகே சிறு துளை வழியாகச் செந்நிறம் தெரியும், முந்திய 'சிவப்புப் புள்ளி' வகையா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு சேதம். லேபிளைக் கிழித்தால் மதிப்பு போய்விடும். பழைய பிளாஸ்டிக் கொக்கிகள் ஒரு நெம்பலில் முறியும். பாட்டரி கசிந்து பச்சை பூத்த இணைப்புக் கம்பி, தொட்டதும் உதிரும். திருச்செந்தூர், தூத்துக்குடிக் கடலோரங்களில் இருந்து வரும் கருவிகளில் உப்புக் காற்று இதை இன்னும் மோசமாக்கியிருக்கும். 1980களில் தொடங்கி மலிவுக் கருவிகளில் சில்லைப் போர்டின் மேலேயே வைத்துக் கறுப்புப் பிசினால் மூடிவிட்டார்கள். அங்கே படிப்பதற்கு ஒன்றுமில்லை. அட்டை போல் மெலிந்த காசியோ வகைகளைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 1983இல் வந்த எஸ்எல்-800 0.8 மில்லிமீட்டர் தடிமன்தான். அதைத் திறப்பதும் உடைப்பதும் ஒன்றே.

## இணைய அருங்காட்சியகங்கள்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவியாக இருந்தால் டேட்டாமேத் கால்குலேட்டர் மியூசியத்தை மிஞ்சிய ஆதாரம் இல்லை. மாடல் வாரியாக உள்ளே இருக்கும் சில்லின் எண் வரை அதில் பதிவாகியிருக்கிறது. எச்பிக்கு மியூசியம் ஆஃப் எச்பி கால்குலேட்டர்ஸ். பிரிட்டிஷ், ஜப்பானிய மாடல்கள் உட்படப் பரந்த பார்வைக்கு வின்டேஜ் கால்குலேட்டர்ஸ் வெப் மியூசியம். மூன்றையும் ஆர்வலர்களே நடத்துகிறார்கள். மூன்றையும் பார்க்கக் கட்டணம் இல்லை.

இவற்றின் உண்மையான பலம், நாம் உள்ளே கண்ட சில்லு எண்ணைக் கொண்டு தேட முடிவதுதான். பெயர் தெரியாத உள்நாட்டுக் கருவிக்குள் டிஎம்எஸ் என்று தொடங்கும் டெக்சாஸ் சில்லு இருந்தால், அதே சில்லைப் பயன்படுத்திய வெளிநாட்டு மாடல்கள் எவை, அந்தக் குடும்பம் எப்போது தொடங்கியது என்று பார்த்துவிடலாம். டெக்சாஸ் நிறுவனம் ஒற்றைச் சில்லு கால்குலேட்டரை அறிவித்தது 1971 செப்டம்பரில். டிஎம்எஸ் 1802 என்ற அந்தச் சில்லின் வழிவந்தவை எத்தனையோ வணிகப் பெயர்களுக்குள் புகுந்தன. வெளி உடலில் அச்சிட்ட பெயரைத் தேடி ஏமாறுபவர்கள் சில்லின் எண்ணைத் தேடுவதில்லை.

குறைகளும் உண்டு. ஒரு மாடலுக்கு ஒரு கருவியின் படத்தைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். நம்முடையதில் விசையின் நிறம் மாறியிருந்தால் அது வேறு வகையா, வெயிலில் வெளுத்ததா என்பதற்கு விடை இராது. ஒரு தளத்தில் தவறாக ஏறிய ஆண்டு பிற தளங்களிலும் அப்படியே ஏறிவிடுவதால், மூன்று இடத்தில் ஒரே ஆண்டு இருப்பதை மூன்று சாட்சிகள் என்று எண்ணக் கூடாது. ஆங்கிலம் தெரிந்தால் போதுமா என்றால், டெக்சாஸுக்கும் எச்பிக்கும் போதும். காசியோ, ஷார்ப் ஆகியவை ஜப்பானுக்குள் விற்ற மாடல்களுக்கு ஜப்பானியப் பக்கங்களைக் கைபேசி மொழிபெயர்ப்பில்தான் படிக்க வேண்டியிருக்கும். எண்களை அது கெடுப்பதில்லை, விளக்கங்களைக் கெடுக்கும். தனி ஆர்வலர் நடத்தும் தளம் அவரோடு நின்றுபோகக்கூடும் என்பதால், பயன்பட்ட பக்கத்தை அன்றன்றே பிடிஎஃப் ஆக்கி வைப்பது கட்டாயம்.

## தயாரிப்பாளரின் தாள்கள்: பயனர் கையேடு, சர்வீஸ் மேனுவல்

பயனர் கையேட்டைச் சேகரிப்பாளர்கள் அழகுக்காக வாங்குகிறார்கள்; என் பார்வையில் அது பாதுகாப்புக்கானது. 1970களின் எச்பி பாக்கெட் கருவிகளில் பெரும்பாலும் சமக்குறி விசை இருக்காது. எண்களை முதலில் உள்ளிட்டு, செயலைக் கடைசியில் அழுத்தும் முறை அது. கையேடு இல்லாமல் கையில் எடுத்தவர் கெட்டுப்போன கருவி என்று நினைத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார். இந்த அறியாமையால் நமக்கு மலிவாகக் கிடைப்பதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

சார்ஜரைப் பற்றிய எச்சரிக்கைகள் கையேட்டில்தான் இருக்கும். 1975ஐ ஒட்டி வந்த எச்பி-21, எச்பி-25 குடும்பத்துக் கருவியைப் பாட்டரி இல்லாமலோ செத்த பாட்டரியுடனோ சார்ஜரில் இணைத்தால் உள்ளே உள்ள ஐ.சி. கெட்டுப்போகலாம், அந்த ஐ.சி. எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் படிக்காமல் பிளக்கில் சொருகுவது நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. சவுதியில் அந்தக் காலத்தில் 127 வோல்ட் இணைப்பும் புழக்கத்தில் இருந்தது. அங்கிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த அடாப்டரை நம் 230 வோல்ட்டில் போட்டால் முதலில் புகை வரும்.

ஆண்டு காணவும் கையேடு ஓரளவு உதவும். எச்பி கையேடுகள் பலவற்றின் பின்னட்டையில் பாக எண்ணுடன் திருத்திய பதிப்பின் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். ஆனால் கருவியும் கையேடும் ஒரே பெட்டியில் பிறந்தவை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விற்பவர்கள் சேர்த்து வைத்து விற்பது வழக்கம்.

அசல் தாளுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? படிப்பதற்காக என்றால் வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏராளமான கையேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. சர்வீஸ் மேனுவலும் எச்பி, டெக்சாஸ் போன்ற பெரிய பெயர்களுக்குக் கிடைக்கும். மலிவு மாடல்களுக்குத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். கருவியோடு வந்த அசல் தாளை மட்டும் விடாதீர்கள். அதில் கடை முத்திரையும் தேதியும் இருந்தால் அதன் மதிப்பே வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடிப் பக்கம் வீடு வீடாகக் காகிதம் போனதைப் பார்த்தவர்களுக்கு, தாளை வாங்கிய அன்றே படமெடுத்து வைக்கச் சொல்லத் தேவையில்லை.

## காப்புரிமை ஆவணங்களும் அந்தக் கால இதழ்களும்

இது எல்லாருக்குமான வழி அன்று. டெக்சாஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெர்ரி மெரிமேன், ஜேம்ஸ் வான் டாசல் மூவரும் 1967இல் உருவாக்கிய கையடக்க மாதிரிக்கான அமெரிக்கக் காப்புரிமை 3,819,921. வழங்கப்பட்டது 1974 ஜூனில். இந்த ஏழாண்டு இடைவெளியே இவ்வகை ஆவணத்தைக் கொண்டு கருவியின் ஆண்டைக் கணிக்கக் கூடாது என்பதற்குச் சான்று. கருவியின் பின்புறத்தில் காப்புரிமை எண் இருந்தால், அது வழங்கப்பட்ட ஆண்டுக்குப் பிறகுதான் அந்த லேபிள் அச்சாகியிருக்கும் என்ற அளவுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஆழமாக அறிய விரும்புபவருக்கு இது பெரும் புதையல். எச்பியின் காப்புரிமைகள் சிலவற்றில் உள்நிரல் முழுவதுமே பட்டியலாக அச்சாகியிருக்கிறது. 1972 ஜூன் எச்பி ஜர்னல் இதழில் எச்பி-35ஐ உருவாக்கியவர்களே எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன, இலவசமாகப் படிக்கலாம்.

இதழ் விளம்பரங்கள் வேறொரு வகையில் உதவும். 1971இல் பௌமார் 901பி 240 டாலர். 1972இல் எச்பி-35 395 டாலர். அதே ஆண்டு ஜப்பானில் காசியோ மினி 12,800 யென். 1976இல் அறிவியல் கணக்குகளும் செய்யும் டிஐ-30 வெறும் 25 டாலர். விலை இவ்வளவு வேகமாக விழுந்த பொருளுக்கு, 'அந்தக் காலத்துலயே ரொம்ப விலை' என்று விற்பவர் சொல்வதை ஏற்பதற்கு முன் எந்த ஆண்டு என்று கேட்டுவிட வேண்டும்.

இந்தியக் கருவிகளுக்கு வேண்டியது இந்திய நாளிதழ் விளம்பரம். அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும்: நாட்டின் வைப்பு நூலகங்களில் ஒன்றான கன்னிமாரா, பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நெல்லை எக்ஸ்பிரசில் ஓர் இரவு, தங்கும் செலவு, எந்த மாதத்து இதழ் என்று தெரியாமல் பக்கம் பக்கமாகப் புரட்டும் நேரம் என்று கணக்குப் பார்த்தால், ஒரு கருவிக்காக இதைச் செய்வது தகாது. சில்லின் தேதியைக் கொண்டு ஆண்டை முதலில் சுருக்கிக்கொண்டு, பல கருவிகளுக்குச் சேர்த்துப் போனால் தகும்.

## அச்சு நூல்கள்

கை பால் (Guy Ball), புரூஸ் ஃபிளாம் (Bruce Flamm) இருவரும் தொகுத்து 1997இல் வெளியான 'தி கம்ப்ளீட் கலெக்டர்ஸ் கைடு டு பாக்கெட் கால்குலேட்டர்ஸ்' இத்துறையில் எல்லாரும் சொல்லும் பெயர். எச்பி கருவிகளுக்கென்றே பல பதிப்பு கண்ட தனி வழிகாட்டி ஒன்றும் உண்டு. மாடல்களைப் பெயர் வாரியாக ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது நூலில்தான் கூடும். இணையத்தில் தேட முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும், நூலில் தெரியாத பெயரும் கண்ணில் படும். மின்சாரமும் இணைப்பும் இல்லாமல் பரணில் உட்கார்ந்து ஒப்பிடவும் முடியும்.

இருந்தும் நான் இதைக் கடைசியில் வைக்கிறேன். பழைய பிரதி ஒன்றைக் கடல் கடந்து வரவழைத்தால் தபால் செலவு நூலின் விலையைத் தாண்டுவது சாதாரணம், சுங்கம் தனி. அதில் உள்ள மதிப்பு விலைகள் 1990களின் அமெரிக்கச் சந்தைக்கு உரியவை. இன்று பாளையங்கோட்டையில் பேரம் பேசுபவருக்கு அவை எந்தப் பக்கமும் துணைவரா. நமக்கு அதிகம் கிடைக்கும் பிந்திய ஜப்பானியக் கருவிகளும் உள்நாட்டுக் கருவிகளும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. நம் பொது நூலகங்களில் இவ்வகை நூல் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

## கடைக்காரர், மெக்கானிக், கணக்குப்பிள்ளை

பீடிக் கம்பெனி அலுவலகம், பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, அரிசி மண்டி ஆகியவற்றில் கணக்கு எழுதியவர்களும், அவர்களுடைய கருவிகளைப் பழுது பார்த்த ரேடியோ மெக்கானிக்குகளும் வேறெங்கும் எழுதப்படாத ஒரு விவரத்தை வைத்திருக்கிறார்கள்: எந்த உள்நாட்டு மாடல் இங்கே விற்றது, யார் வழியாக வந்தது, எது அடிக்கடி பழுதானது. இதற்கு மாற்று ஆதாரமே இல்லை. இணையத்தில் ஓர் உள்நாட்டு மாடலின் படம்கூட இல்லாத நிலையில், ரதவீதிக் கடை ஒன்றின் பழைய பில் புத்தகத்தில் அதன் பெயரும் விலையும் தேதியும் ஒரே வரியில் இருக்கக்கூடும்.

நினைவு சொல்லும் ஆண்டை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. ஆண்டைக் கேட்டால் தடுமாறுகிறவர் நிகழ்ச்சியைக் கேட்டால் தெளிவாகச் சொல்வார். 'அண்ணாச்சி, இது 92 வெள்ளத்துக்கு முந்தியே கடையில கெடந்ததுல்லா' என்பதில் தாமிரபரணி 1992 நவம்பரில் பெருகியதற்கு முன் என்ற உறுதியான எல்லை கிடைக்கிறது. அதைவிட நெருக்கமான ஆண்டை நாம் வற்புறுத்தினால், நம்மைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். குற்றம் அவர்களுடையது அன்று. இங்கே மறைமுகச் செலவு பணம் அல்ல. உட்கார்ந்து பேச நேரம் வேண்டும், கடை நேரத்தில் போகக் கூடாது, விலை பேசுவதையும் விவரம் கேட்பதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. விவரம் கேட்கக் கேட்க விலை ஏறும்.

## ஒரு பார்வையில்

| ஆதாரம் | ஆண்டு காண | பழுது நீக்க | உள்நாட்டு மாடலுக்கு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| கருவியின் உட்புறம் | மிக நன்று | ஓரளவு | உதவும் | திறக்கும்போது சேதம் |
| இணைய அருங்காட்சியகம் | நன்று | ஓரளவு | சில்லு எண் வழியாக மட்டும் | பரவிய பிழை, மறையும் பக்கங்கள் |
| கையேடு, சர்வீஸ் மேனுவல் | ஓரளவு | மிக நன்று | அரிது | அசலுக்குக் கொடுக்கும் விலை |
| காப்புரிமை, இதழ்கள் | எல்லை மட்டும் | குறைவு | நாளிதழ் விளம்பரம் உதவும் | சென்னைப் பயணம், நேரம் |
| அச்சு நூல் | நன்று | குறைவு | இல்லை | தபால், சுங்கம், பழைய விலைகள் |
| ஊர்க்காரர் நினைவு | எல்லை மட்டும் | அனுபவக் குறிப்பு | மிக நன்று | பொறுமை, ஏறும் விலை |

ஏல இணையதளங்களை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. விலை அறிய அவை பயன்படும், அதுவும் விற்று முடிந்த விலையைப் பார்த்தால் மட்டும். கேட்கும் விலை யாருடைய ஆசையையும் காட்டலாம். அங்கே எழுதும் ஆண்டையும் வகையையும் ஆதாரமாகக் கொள்ளவே வேண்டாம்.

## யாருக்கு எது

அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த ஒரே ஒரு கருவியைப் பற்றி அறிய விரும்புபவர் எதற்கும் பணம் செலவிட வேண்டியதில்லை. லேபிளையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, இணைய அருங்காட்சியகத்தில் பார்த்து, வீட்டில் உள்ளவர்களிடம் அது யார் பெட்டியில் வந்தது என்று கேட்டு எழுதி வைத்தால் போதும். அவர் கருவியைத் திறக்க வேண்டாம்; பாட்டரியை மட்டும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்பவருக்குக் கையேடும் சர்வீஸ் மேனுவலும்தான் முதலில். அவற்றைப் படிக்கும் முன் அடாப்டரைத் தொடக் கூடாது. நல்ல மெக்கானிக் கைவசம் இருந்தாலும், எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற தாளை அவர் கையில் கொடுத்தால்தான் அவருடைய திறமை பயன்படும்.

எச்பி அல்லது டெக்சாஸ் என்று ஒரே தயாரிப்பாளரைப் பிடித்துக்கொண்டு சேர்ப்பவருக்கு இணையமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். எச்பிக்காரர் மட்டும் அதற்குரிய நூலை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வகை வேறுபாடுகள் அத்தனை நுணுக்கமானவை. ஒரு கருவியைத் தவறான வகை என்று எண்ணி வாங்குவதில் போகும் பணம் நூலின் விலையைவிட அதிகமாக இருக்கும். பொது வழிகாட்டி நூலைத் தனியாக வாங்குவதைவிட, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் இருக்கும் சேகரிப்பாளர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பிரதியை வரவழைத்துச் சுற்றுக்கு விடுவதே சரி.

உள்நாட்டில் பூட்டிய கருவிகளைச் சேர்ப்பவர் முற்றிலும் வேறு நிலையில் இருக்கிறார். அவருக்குப் படிக்க ஆதாரம் இல்லை. அவரே அதை உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் உடலில் அச்சான பெயர், வரிசை எண், ஒவ்வொரு சில்லின் எண்ணும் தேதிக் குறியும், திரையின் வகை, போர்டில் உள்ள எழுத்து, கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்னது என்று வரிசையாக எழுதி, படங்களை இணைத்து, பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஒரே பெயரில் மூன்று நான்கு கருவிகள் பதிவானதும் வரிசை எண்ணுக்கும் தேதிக் குறிக்கும் உள்ள தொடர்பு தென்படத் தொடங்கும். அதற்குப் பிறகு சென்னைக்குப் போனால், நாளிதழ் அடுக்கில் எந்த ஆண்டின் எந்த மாதத்தைக் கேட்க வேண்டும் என்பது கையில் இருக்கும்.